வளையத்திற்கும் வளையத்திற்கும் நடுவே

மதுரையில் மல்லிகைப்பூ வாங்கும் ஸ்திரீகளை ஏமாற்றுவது எளிதன்று. பூக்காரி முழம் போடும் கையை அவர்கள் பார்ப்பதில்லை. பூவுக்கும் பூவுக்கும் நடுவே நார் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தெரிந்துவிட்டால் பேரம் ஆரம்பம்! பூச்சரத்தில் இடைவெளி குற்றம். டாட்டிங் லேஸிலோ இடைவெளிதான் பாதி அழகு. ஆனால் அதை அளவோடு விடுவது, வளையம் பின்னுவதைவிடக் கடினமான காரியம்.

டாட்டிங் என்பது முழுக்க முழுக்க முடிச்சு வேலை. ஒரு நூலின்மேல் மற்றொரு நூலால் எதிரெதிராக இரண்டு அரை முடிச்சுகள் போட்டால் ஒரு முழு முடிச்சு. அவற்றை வரிசையாக அமைத்து உள்நூலை இழுத்தால் வளையமாக மூடிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர் இந்த வேலைக்கு 'அற்பம்' என்று பொருள்படும் பெயரையும், இத்தாலியர் 'அரட்டை' என்று பொருள்படும் பெயரையும் சூட்டியிருக்கின்றனர். பெயரிட்டவர்கள் ஒரு முறையாவது பின்னிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

நம் தெற்கத்திச் சீமையில் லேஸ் வேலையின் சரித்திரம் அற்பமானதன்று. நாகர்கோவிலில் 1820க்குப் பின் வந்த ஆண்டுகளில், பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா அம்மையார் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர்களிற் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். லேஸ் விற்ற பணத்தைக் கொடுத்தே அவர்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855ல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தப் பணத்தின் மதிப்பு விளங்கும். மார்த்தா அம்மையாரின் குமாரத்தி எலைசா 1844ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அந்தக் கைத்தொழிலும் அவருடன் வந்தது.

நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் பின்னியது திண்டு லேஸ். திண்டின்மேல் துளையிட்ட மாதிரியை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை அவற்றைச் சுற்றிப் பின்னுவார்கள். எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் குண்டூசியே சொல்லிவிடும். டாட்டிங்கில் திண்டும் இல்லை, குண்டூசியும் இல்லை. கண்ணும் விரலுமே அளவுகோல்.

வைகையின் தென்கரையில், இன்று மதுரை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட கோச்சடையில், ஒரு தாயும் மகளும் ஊசி டாட்டிங் செய்வதை நாம் கண்டோம். மகளின் கல்லூரிச் செலவில் ஒரு பகுதி கைக்குட்டை லேஸிலிருந்து வருகிறது. முதலில் கொண்டுபோன ஒரு டஜனைக் கடைக்காரர் திருப்பிவிட்டாராம். வளையங்களில் குறை இல்லை. நடுவே ஓரிடத்தில் நூல் தொங்குகிறது, ஓரிடத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் காரணம்.

இதற்குக் காரணம் ஊசியின் தன்மையிலேயே இருக்கிறது. நாடா போன்ற சிறு ஓடத்தால் பின்னும்போது, வளையங்களுக்கு நடுவே ஒரே நூல்தான் ஓடும். ஊசியில் பின்னும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் ஒன்று, ஊசியில் கோத்த நூல் ஒன்று, ஆக இரண்டு ஓடும். இரண்டாவது வளையத்தை மூட ஊசியை இழுக்கும் வேகத்தில் ஊசி நூல் குட்டையாகிவிடும். முதல் வளையம் அருகே இழுபடும். உருண்டை நூல் மட்டும் வில்லாகப் புடைத்து நிற்கும்.

அந்தத் தாயார் கண்டுபிடித்த பரிகாரம், பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து கால் அங்குல அகலத்தில் வெட்டிய ஓர் அட்டைத் துண்டு. முதல் வளையத்தை மூடியதும் இரு நூல்களையும் சேர்த்து அடியில் ஒரு முடிச்சு. அதை ஒட்டி அட்டையை வைத்து, அட்டையின் மறு ஓரத்தில் ஊசியைப் பிடித்து, உருண்டை நூலை அட்டையின் குறுக்கே கொண்டுவந்து அடுத்த வளையத்தின் முதல் முடிச்சைப் போட வேண்டும். வளையத்தை மூடும்போது ஊசி நூலும் அட்டையின்மேல் படிந்து நிற்க வேண்டும். பிறகு மீண்டும் அடியில் ஒரு முடிச்சு.

"அதுக்குள்ள அட்டையை உருவாதே கண்ணு, முடிச்சு விழட்டும்" என்று மகளை அடக்கினார். "விழுந்திருச்சும்மா" என்றாள் மகள். உண்மையில் விழவில்லை!

கால் அங்குலம் என்பது எல்லா லேஸுக்கும் விதியன்று. வளையங்களின் தலைகளைப் பக்கக் கண்ணிகளால் ஒன்றோடொன்று இணைத்துப் பின்னும்போது, அடியில் விடும் இடம் தலைகளுக்கிடையே உள்ள தூரத்துக்குச் சமமாக இருந்தால் லேஸ் நேராக ஓடும். குறைந்தால் வளையங்கள் பனைவிசிறிபோல் விரிந்து லேஸ் வளையும். கைக்குட்டைக்கு இது கெடுதி. குழந்தையின் சட்டைக் கழுத்துக்கு இதுவே வேண்டியது. அதிகமானால் அடிநூல் தொங்கி, முதல் சலவையிலேயே எதிலாவது மாட்டிக்கொள்ளும். ஆகையால் நான்கு வளையங்கள் பின்னி, மேஜைமேல் பரப்பிப் பார்த்த பிறகே அட்டையின் அகலத்தைத் தீர்மானிப்பது நல்லது.

புதிதாகக் கற்பவர்கள் 10ஆம் எண் நூலும் அதற்கேற்ற 5ஆம் எண் ஊசியும் எடுத்துக்கொள்ளலாம். தொடங்குமுன் ஊசி வழியே ஒன்றிரண்டு கஜம் நூலைத் தாராளமாக இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வளையம் மட்டுமன்றி வெற்றிடமும் ஊசி நூலைத் தின்கிறது.

இரட்டை நூலைக் குறையென்று சிலர் ஒதுக்குவதை நாம் ஒப்பவில்லை. துணியோடு சேர்த்துத் தைக்கும்போது ஒற்றை நூலைவிட அது உறுதியாகப் பிடிக்கும். ஆயினும் வாரந்தோறும் துவைக்கும் ரவிக்கைக் கைகளுக்கு வெற்று நூல் வேண்டாம். அங்கே முடிச்சுகளால் மூடிய வளைவுகளே உழைக்கும். கைக்குட்டை லேஸை முறுக்கிப் பிழியாமல், மடித்த துண்டின்மேல் குண்டூசியால் பரப்பி, கஞ்சி தெளித்து, நிழலில் உலர்த்த வேண்டும்.