விடை மாறவில்லை, ஸ்கிரிப்ட் ஏன் நின்றது?

மூலநிரலில் ஒரு வடிவத்தைத் தேட யுனிக்ஸ் நிரலாளர்களின் கை முதலில் போவது கிரெப்பிடம். 1970களில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதியது. ஈகிரெப், எஃப்கிரெப் என்ற உடன்பிறப்புகளும் அதற்கு உண்டு.

2022 செப்டம்பரில் வந்த குனு திட்டத்தின் கிரெப் 3.8 பதிப்பு, இவ்விரண்டையும் இயக்கினால் ‘வழக்கொழிந்தது’ என்று எச்சரிக்கத் தொடங்கியது. தேடல் விடையில் மாற்றமே இல்லை. பிறகென்ன சிக்கல்?

எச்சரிக்கை போவது பிழைச்செய்திக்கான தனித் தடத்தில். அங்கே எது வந்தாலும் தோல்வி என்று கணக்கிடும் ஸ்கிரிப்டுகள் நின்றுவிடும். விடைத் தடத்தையும் அதனுடன் சேர்த்துப் படிப்பவையோ எச்சரிக்கையையே விடையென்று விழுங்கிவிடும். தேடல் வடிவத்தில் தேவையற்ற பின்சாய்வுக்கோடு இருந்தாலும் இதே பதிப்பு முணுமுணுக்கும்.

ஈகிரெப்பும் எஃப்கிரெப்பும் வழக்கொழிந்தவை என்று 2007லேயே அறிவித்தாயிற்று என்பது உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுக்காக யார் ஆவணத்தைப் புரட்டுகிறார்கள்? பழைய கோப்புகளில் ஈகிரெப் இருந்தால், கிரெப் என்றெழுதி, சிறுகோட்டுடன் பெரிய ‘ஈ’ எழுத்தைச் சேருங்கள். எஃப்கிரெப்புக்குப் பெரிய ‘எஃப்’.