மருளும் மருந்தும்

கள் குடித்தவனுக்கு வந்ததும் போதை. கஞ்சா புகைத்தவனுக்கு வந்ததும் போதை. ஊமத்தங்காயை அறியாமல் தின்ற சிறுவன் பிதற்றினால் அதுவும் போதை. மெக்சிகோ நாட்டு மலைவாணர் இரவுப் பூசையில் உண்ணும் காளானுக்கும் நம் நாளிதழ்கள் இட்ட பெயர் 'போதைக் காளான்' என்பதே. நான்கு வேறு பொருள்கள், உடலில் நான்கு வேறு வழிகளில் தொழிற்படுவன, ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதனால் விளையும் இடர் சிறிதன்று. அவற்றுள் எது உயிரைக் குடிக்கும், எது குடியைக் கெடுக்கும், எது மருத்துவராற் சோதிக்கப்படுகின்றது என்று பிரித்துச் சொல்ல நமக்குச் சொல் இல்லாது போகின்றது.

பெயர் பிழைத்தால் மருத்துவமும் பிழைக்கும் என்பதைப் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1998 ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 1999 வரையில் இவ்வட்டாரப் பன்றிப் பண்ணையாளரும் பண்ணைத் தொழிலாளரும் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, நினைவு தடுமாறி, பிதற்றி, மயங்கி வீழ்ந்தனர். தொடக்கத்தில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கொள்ளப்பட்டது. கொசுவை ஒழிக்கப் புகையடித்தனர்; தடுப்பூசியும் இட்டனர். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு நச்சுயிரியைப் பிரித்தறிந்த பின்னரே, நோய் பரவியது கொசுவாலன்று, பன்றியால் என்பது தெளிவாயிற்று. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அந்நோய்க்கும் பெயராயிற்று. நாடு முழுவதும் 105 பேர் மாண்டனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அறிவு தடுமாறுதல் என்னும் வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பினும், காரணம் வேறாயின் செய்யத்தக்கதும் வேறாகும். இவ்வுரை முழுமைக்கும் அதுவே அடிப்படை.

முதற்கண் சொற்களைக் காண்போம். பழந்தமிழில் 'வெறி' என்பது மணத்தையும் குறித்தது. கள்ளின் களிப்பையும் குறித்தது. முருகன் ஏறிய வேலன் ஆடும் ஆட்டத்தையும் குறித்தது. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்வது சங்கப் பாடல்கள் பலவற்றில் வருகின்றது. அங்கும் சிக்கல் நோயறிதலே: தாய் அணங்கு என்கின்றாள், தோழி காதல் என்பதை அறிவாள். 'மருள்' என்னும் சொல் தெய்வமேறிய நிலைக்கு வழங்கியது. அதற்கு எதிர்ச்சொல் 'தெருள்'. சிவபெருமான் சடையிற் சூடும் ஊமத்தம்பூவுக்கு 'மத்தம்' என்று தேவாரம் பெயர் வழங்குகின்றது. மத்தம் என்பது பித்தும் ஆகும். செடியின் பெயரே அதன் செயலைச் சொல்லி எச்சரிக்கின்றது. இனி, 'மருந்து' என்னும் சொல்லையே பாருங்கள். நோய் தீர்ப்பதும் மருந்து. மாமியாரோ மாற்றாளோ சோற்றில் கலந்துவிட்டதாக ஐயுறும் இடுமருந்தும் மருந்து. மலாய் மொழியில் 'டாடா' என்பது முன்னாளில் மூலிகைச் சரக்கைக் குறித்தது. இன்று தடைசெய்யப்பட்ட பொருளை மட்டுமே குறிக்கின்றது. நன்மையும் தீமையும் ஒரே சொல்லில் உறைவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று.

பொருள் எதனையும் உட்கொள்ளாமலே உள்ளம் தன் வழக்கமான நிலையினின்று பெயர்வதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் எல்லாரும் கண்டிருப்பர். மாரியம்மன் திருவிழாவில் உறுமி முழங்குகின்றது, சாம்பிராணிப் புகை சூழ்கின்றது, பெண்டிர் குலவையிடுகின்றனர், பல நாள் நோன்பிருந்து மஞ்சளாடை உடுத்து வேப்பிலை ஏந்தி நின்றவர்மீது அருள் இறங்குகின்றது. அலகு குத்தினாலும் நோவு தோன்றுவதில்லை. 1984 இல் 'ஈத்தோஸ்' என்னும் மானிடவியல் ஏட்டில் கோலீன் வார்ட் என்பார் மலேசியத் தைப்பூசத்தின் மருள்நிலையை உளவியல் நோக்கில் ஆராய்ந்து எழுதினார். ஆயின் அவ்வாராய்ச்சிக்கு முன்பே, எழுத்தறியாத நம் பூசாரிகள் ஒன்றை நன்கறிந்திருந்தனர். மருளுக்கு ஒரு வாயில் உண்டு. ஒரு காவல் உண்டு. திரும்பி வரும் வழியும் உண்டு. நோன்பு வாயில். பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்கும் உறவினர் காவல். திருநீறு பூசி, எலுமிச்சை அறுத்து, மஞ்சள்நீர் தெளித்து, சாமியை 'மலையேற' விடுவது திரும்பும் வழி. மலையேறாத சாமி எவருக்கும் அச்சம் தருவதே.

முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கின்றனரே என்று கேட்பீர்கள். உண்மைதான், சாமியாடி அதனைப் பருகுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் சாமி வந்த பின்னரே சாராயம் கேட்கின்றது. சாராயம் குடித்ததனால் சாமி வருவதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, குடித்துவிட்டுக் காவடிக்கு முன்னே ஆடும் இளைஞர் கூட்டம் ஒன்று இன்று வளர்ந்திருப்பதை நாம் வருத்தத்தோடு காண்கின்றோம்.

இனி, பொருள்களுக்கு வருவோம். எல்.எஸ்.டி., சிலோசைபின், மெஸ்கலின் ஆகியவற்றைக் குறிக்க 1956 இல் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய மடலில் புதுச்சொல் ஒன்றைப் படைத்தார். கிரேக்கத்தில் உள்ளத்தைக் குறிக்கும் சொல்லையும் வெளிப்படுத்துதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தது அது. அதனைத் தழுவி இவ்வுரையில் இவற்றை 'உளந்திறப்பி' என வழங்குவோம். இவை மூளையின் நரம்பணுக்களில் செரடோனின் என்னும் வேதிப்பொருள் பொருந்தும் ஏற்பிகளுள் ஒருவகையில், 2ஏ என்பதில், சென்று பொருந்துகின்றன. நிறங்கள் மிகுகின்றன, காலம் நீள்கின்றது, ஓசை உருவாகத் தோன்றுகின்றது, 'நான்' என்னும் எல்லை கரைகின்றது. காளானின் ஆற்றல் நான்கு முதல் ஆறு மணி நேரமும், எல்.எஸ்.டி.யின் ஆற்றல் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் நிற்கும். கள், அபின் போன்று உடலைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை இவற்றில் குறைவு. அதனால் இவை தீங்கற்றவை என்பது பிழை. இரத்த அழுத்தம் உயரும், பேரச்சம் பற்றும், குடும்பத்தில் மனச்சிதைவு வழிவழி வருபவரிடத்து அந்நோயை எழுப்பிவிடவும் கூடும்.

அளவு எத்துணைச் சிறிது என்பதற்கு ஒரு சான்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1938 இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கிய வேதியியலார் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1943 ஏப்ரல் 19 அன்று அதில் கால் மில்லிகிராம் மட்டும் தாமே உட்கொண்டு மிதிவண்டியில் வீடு திரும்பினார். பால் கொண்டுவந்த அண்டை வீட்டுப் பெண் அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தோன்றினாள். தாம் இறந்துகொண்டிருப்பதாக நம்பினார். அழைத்து வந்த மருத்துவர், கண்மணி விரிந்திருந்தது தவிர வேறு கோளாறு காணவில்லை.

அதே ஹாஃப்மன் 1958 இல் மெக்சிகோக் காளானிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்தார். அக்காளானின் கதை நாம் நின்று கேட்க வேண்டிய ஒன்று. மெக்சிகோவின் ஓஹாக்கா மலையில், வாவுத்லா என்னும் ஊரில், மாசாத்தெக் இனத்து மரியா சபீனா என்னும் மூதாட்டி நோயாளர்க்காக இரவெல்லாம் விழித்துக் காளான் உண்டு பாடிக் குணம் வேண்டுவார். அக்காளான் அவர்க்குக் களிப்பூட்டும் பொருளன்று. நோயின் காரணத்தைக் கேட்டறியும் வாயில். 1955 இல் கார்டன் வாசன் என்னும் அமெரிக்க வங்கியாளர் அப்பூசையில் கலந்துகொண்டு, 1957 இல் 'லைஃப்' இதழில் எழுதினார். அதன்பின் வெளிநாட்டு இளைஞர் அம்மலைக்குத் திரண்டனர்; நோயின்றியே காளான் தேடினர். ஊரார் சினந்தனர், மூதாட்டியின் வீடு எரிக்கப்பட்டது. காளான் தன் ஆற்றலை இழந்துவிட்டது என்று அவர் பின்னாளில் வருந்திச் சொன்னார். வேதியியல் இதனை ஒப்பாது; காளானில் சிலோசைபின் முன்பு இருந்த அளவே இருந்தது. போனது வேறு. வாயிலும் காவலும் இல்லாமற் போயின என்பதே நாம் கொள்ளும் பொருள்.

வியப்பு யாதெனில், இன்றைய ஆய்வுக்கூடம் அவ்விரண்டையும் மீண்டும் கட்டியெழுப்ப முயல்கின்றது. 2006 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் 36 பேருக்குச் சிலோசைபின் கொடுத்து ஆராய்ந்தனர். முன்கூட்டிப் பல மணி நேரம் உரையாடல், இல்லம் போன்ற அறை, கண்மறைப்பு, இசை, பக்கத்தில் பயிற்சி பெற்ற காவலர், பின்னர் மீண்டும் உரையாடல். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அந்நாளைத் தம் வாழ்வின் மிகப் பொருளுடைய ஐந்து அனுபவங்களுள் ஒன்றாக எண்ணினர். அத்துணைப் பாதுகாப்பிலும் மூன்றில் ஒருவர்க்குக் கடும் அச்சம் தோன்றியது என்பதையும் அக்குழுவினர் மறைக்கவில்லை. முதலாவதை மட்டும் பரப்பி இரண்டாவதை விட்டுவிடுவோர் நமக்கு நண்பராகார்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு செய்தி நெருங்கியது. ஆஸ்மண்ட் கனடாவில் எல்.எஸ்.டி.யை முதன்மையாகச் சோதித்தது குடிநோயாளரிடத்தே. 2022 இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வொன்று, உளவியல் மருத்துவத்தோடு சேர்த்துத் தரப்பட்ட சிலோசைபின் கடுங்குடி நாள்களைக் குறைத்ததாக வெளியிட்டது. குடி தோட்ட மக்களுக்கு எத்தகைய பகையாயிருந்தது என்பது நாம் அறிந்ததே. அரசின் உரிமத்தோடு தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது. கள்ளை அடுத்துச் சம்சு வந்தது. அதற்கு இரையான குடும்பங்களை நம்முள் எண்ணாதவர் இலர். ஆகவே குடிநோய்க்கு மருந்து வருமாயின் வரவேற்கும் முதல் உரிமை நமக்கே உண்டு. ஆயினும் வருவதற்கு முன்பே வந்துவிட்டதாக எண்ணலாகாது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர் மட்டும், மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குச் சிலோசைபினைத் தர ஒப்பியது. அமெரிக்க மருந்துத் துறையோ 2024 ஆகஸ்டில், அதிர்ச்சிநோய்க்கான எம்.டி.எம்.ஏ. என்னும் வேறொரு பொருளுக்குச் சான்று போதாது என்று அனுமதி மறுத்தது.

மலேசியச் சட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை. 1952 ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்தின்கீழ் இவை தடைசெய்யப்பட்டவை. கஞ்சாவும் அப்படியே, 200 கிராமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கப்படுவார். 'சிவமூலி' என்று சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயர் உண்டு என்பதும், 1893–94 இல் அமைந்த இந்தியச் சணல் மருந்து ஆணையம் மிதமான பயன்பாட்டைப் பெருந்தீங்காகக் கருதவில்லை என்பதும் வரலாறு. வரலாறு நீதிமன்றத்தில் வழக்காடாது. கொடைக்கானல் மலையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காளான் விற்றுச் சிறை சென்ற இளைஞரின் செய்திகளை மாணவர்க்குப் படித்துக் காட்டலாம்.

சட்டம் தடுக்காததும், வேலியோரத்தில் வளர்வதும், எல்லாவற்றினும் கொடியதும் ஊமத்தையே. மலாய்க்காரர் 'கெச்சுபோங்' என்பர். அதனை உளந்திறப்பி வகையில் சேர்ப்பது பிழை. காளான் உண்டவர் பெரும்பாலும் தாம் காண்பது மாயம் என்பதை உணர்ந்தே காண்பர். ஊமத்தை தின்றவர் இல்லாத ஆளோடு உரையாடுவர். அது இல்லை என்பதை அறியார். பின்னர் நினைவும் இராது. அட்ரோபின், ஸ்கோபாலமின் என்னும் நஞ்சுகள் செரடோனினை விடுத்து அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு வேதிப்பொருளைத் தடுக்கின்றன. உதவும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஒரு காயின் நஞ்சு மற்றொரு காயின் நஞ்சுக்கு ஒத்திராது. இதிலும் மருந்து உண்டு. ஊமத்தைப் புகையை இரைப்புக்கு இழுக்கும் வழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜென்ட் 1802 இல் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். இன்று ஆஸ்துமா நோயாளர் உறிஞ்சும் மருந்துகளுள் ஒன்றான இப்ராட்ரோபியம் அட்ரோபினிலிருந்து அமைக்கப்பட்டதே. ஆனால் அது ஆலையில் அளந்து அடைத்தது, வேலியில் பறித்ததன்று.

பள்ளிப் பிள்ளை ஒருவன் திடீரெனப் பிதற்றுவானாயின், முகம் சிவந்து, வாய் உலர்ந்து, கண்மணி அகன்று, உடல் சுட்டு, வியர்வையின்றி இருப்பின், ஊமத்தை என்று ஐயுறுதல் வேண்டும். காய்ச்சல் முன்னரே இருந்து தலைவலியோடு தொடர்ந்ததாயின் மூளைக்காய்ச்சலை நினைத்தல் வேண்டும். இரண்டிலும் செல்லுமிடம் மருத்துவமனையே. கோயிலுக்குப் பிறகு செல்லலாம். வாந்தியெடுக்க வைக்க வேண்டா. தனியே விட வேண்டா. புளிக்கரைசலும் மோரும் கொடுத்துக் காலம் கடத்த வேண்டா. தின்றதில் எஞ்சிய காயோ இலையோ கிடைத்தால், ஒரு தாளில் பொதிந்து மருத்துவரிடம் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும்.