144 தீவுகள்... ஒரே ஒரு சொல்... 180 ஆண்டுகள் தாண்டிய வழக்கு! - நியூசிலாந்தின் 'பே ஆஃப் ஐலண்ட்ஸ்' போகலாமா?

நண்பர்கள் கூடி நியூசிலாந்து டூர் திட்டமிட்டால், முதலில் பேச்சு வருவது தெற்கே இருக்கும் பனிமலைகளைப் பற்றித்தான். வடக்கே 'பே ஆஃப் ஐலண்ட்ஸ்' வளைகுடாவுக்கும் மூன்று நாள் ஒதுக்குங்கள். ஆக்லாந்தில் இருந்து காரில் மூன்றரை மணி நேரம். 144 தீவுகள் கண்ணுக்கு விருந்து. இன்றைய நியூசிலாந்து பிறந்த இடமும் இதுதான். அது எப்படிப் பிறந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

முதல் நாள்: வைட்டாங்கி

பைஹியா என்ற கடற்கரைச் சிற்றூரில் தங்கிக்கொண்டால், வைட்டாங்கிக்கு நடந்தே போகலாம். 1840 பிப்ரவரி 6-ம் தேதி, இங்குள்ள புல்வெளியில்தான் 40-க்கும் மேற்பட்ட மாவோரி தலைவர்கள் பிரிட்டிஷ் அரசுடனான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. ஆங்கில ஒப்பந்தத்தை ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரி மொழிக்கு மாற்றினார்கள். ஆங்கிலப் பிரதி, 'இறையாண்மை' முழுவதும் விக்டோரியா அரசிக்கு என்றது. மாவோரி பிரதியில் இருந்த சொல்லோ 'காவனாட்டாங்கா'. கவர்னர் என்ற சொல்லில் இருந்து உருவான இதற்கு, நிர்வாகம் என்ற அளவில்தான் பொருள். நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் தலைவர்களின் அதிகாரம் தொடரும் என்றும் அதே பிரதி உறுதி தந்தது.

அடுத்த சில மாதங்களில் நாடு முழுவதும் 500-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். ஆங்கிலப் பிரதியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர்தான். பிறகு மாவோரி நிலங்கள் பெருமளவில் கைமாறின. ஒப்பந்த மீறல்களை விசாரிக்க 1975-ல் வைட்டாங்கி தீர்ப்பாயம் அமைந்தது. இங்கே கையெழுத்திட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று 2014-ல் அது சொன்னது.

இந்தக் கதை தெரிந்தபின் அங்குள்ள மரச்சிற்ப மண்டபத்தைப் பாருங்கள். உள்ளே போகும்முன் செருப்பைக் கழற்ற வேண்டும். நமக்குச் சொல்லியா தர வேண்டும்! கலைநிகழ்ச்சிக்கு முன், வந்திருக்கும் கூட்டத்தில் ஒருவரைத் 'தலைவர்' ஆக்கி வரவேற்பார்கள். உங்கள் கேங்கில் யார் என்று முன்பே முடிவுசெய்துவிடுங்கள். மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைக்கும் 'ஹொங்கி' வணக்கத்தின்போது மட்டும் சிரித்துவிடாதீர்கள். அது மூச்சைப் பகிர்ந்துகொள்ளும் மரியாதை. சுமார் 35 மீட்டர் நீளமுள்ள போர்ப்படகையும் தவறவிடாதீர்கள்.

இரண்டாம் நாள்: தீவுகள்

உருபுகபுகா, இங்குள்ளவற்றில் பெரிய தீவு. மலையேற்றப் பாதைகளில் நடந்தால், மாவோரிகளின் பழைய கோட்டைக் குடியிருப்புகளின் தடங்களைப் பார்க்கலாம். படகு ஏறும்முன் பையைத் திறந்து எலி, எறும்பு, விதை ஏதும் இல்லையே என்று சோதியுங்கள். எலி போன்ற வேட்டை விலங்குகளை ஒழித்த பிறகுதான், மண்ணின் பறவைகளை இங்கே மீண்டும் கொண்டுவந்து விட முடிந்தது.

கடல் அமைதியாக இருந்தால், 'ஹோல் இன் தி ராக்' என்ற பாறைக் குகையின் ஊடாகவே படகு நுழையும். மோட்டு கோகாக்கோ என்ற அந்தத் தீவு இன்றும் மாவோரிகளின் சொத்து. டால்பின் கண்ணில் பட்டால் படகைத் துரத்தச் சொல்லாதீர்கள். அவற்றின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததால், 2021 முதல் படகுகள் 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது விதி.

மூன்றாம் நாள்: ரஸ்ஸல்

பைஹியாவில் இருந்து சிறு படகில் போய்விடலாம். பழைய பெயர் கொரோராரேகா. ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்துப் போட்ட ஹோனே ஹேக்கேதான், ஏமாற்றம் தாங்காமல் இங்கே பிரிட்டிஷ் கொடிமரத்துக்கு எதிராகக் கிளம்பினார். அது நான்கு முறை வெட்டி வீழ்த்தப்பட்டது. 1845 சண்டையின் குண்டுத் துளைகள் தேவாலயச் சுவரில் இன்னமும் இருக்கின்றன.

நமக்கும் ஒரு மணி!

பைஹியாவில் அச்சகம் நடத்திய வில்லியம் கொலென்சோ, வாங்கரே பகுதியில் மாவோரி பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினார். அது உடைந்த கப்பல் மணி. முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்ற பொருளில் அதில் எழுதியிருப்பது... தமிழில்! எப்படி அங்கே போனது என்பது இன்றுவரை புதிர். வெலிங்டனில் உள்ள தெ பாபா அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது.

இதே கொலென்சோதான், ஹேக்கே கையெழுத்திடப் போன நேரத்தில் குறுக்கிட்டு, 'இவர்களுக்கு இது புரிந்திருக்கிறது என்று நினைக்கிறீர்களா' என்று கவர்னர் ஹாப்சனிடம் கேட்டவர். கேள்வியைத் தாண்டிக் கையெழுத்துகள் தொடர்ந்தன.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. பிப்ரவரி 6, வைட்டாங்கி தினம். கொண்டாட்டம், படகு அணிவகுப்பு, எதிர்ப்புக் குரல் எல்லாவற்றையும் ஒரே புல்வெளியில் பார்க்கலாம். அந்த வாரம் போவதாக இருந்தால், ரூமை மட்டும் மாதக்கணக்கில் முன்னதாகவே புக் செய்துவிடுங்கள்.