நிழற்படக் காலவாராய்ச்சியில் மோட்டார் வண்டிகள்

நொச்சிக்குப்பத்து மீனவர் தம் கரையில் வாழ்ந்து வந்தமைக்குப் பழைய நிழற்படங்களும் சான்றாவன. ஆயின், ஆண்டு குறியாத படம் சான்றாதல் எங்ஙனம்? இலக்கியக் காலவாராய்ச்சியிற்போல ஈண்டும் மேலெல்லை, கீழெல்லை வகுத்தல் வேண்டும்.

படத்திற் காணும் வண்டி மேலெல்லையைத் தரும். அம்பாசிடர் கார் 1962-இல் நெருங்கிய கட்டங்கள் கொண்ட முன்தட்டியைப் பெற்றது. அது காணப்படின், படம் 1962-க்கு முற்பட்டதன்று. லாரியின் முகப்பில் அசோக் லேலண்டு என்னும் பெயர் இருப்பின், 1955-க்கு முற்பட்டதன்று.

எனினும், வண்டி பல்லாண்டு ஓடுமாதலின் கீழெல்லையைத் தாராது. அதனை இடமே தரும். குப்பத்தை அடுத்த கலங்கரை விளக்கம் 1977-இல் திறக்கப்பெற்றது. அஃது நிற்குமிடம் வெறுமையாயின், படம் அதற்கு முற்பட்டது. அத்தகைய படத்தில் மேற்கூறிய அம்பாசிடரும் நிற்குமாயின், அதன் காலம் 1962-க்கும் 1977-க்கும் இடைப்பட்டதெனத் துணியலாம். காரை மட்டும் நோக்கி ஆண்டுரைத்தல் அம்மக்களின் சான்றை வலுவிழக்கச் செய்யும்.