அடிக்க ஆயிரம் பேர், காயம் ஆற்ற யார்?

புதிதாக ஒரு விளையாட்டை வாங்கி, பாத்திரத்தின் முடி நிறத்தையும் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே முதல் ஒரு மணி நேரத்தைச் செலவிட்டவரா நீங்கள்? முகம் ஒருவழியாக முடிந்ததும் அடுத்த கேள்வி வரும். போர்வீரனா, மந்திரவாதியா, திருடனா, காயம் ஆற்றும் ஹீலரா? இதற்குப் பதில் சொல்லப் பலருக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. எந்த விளையாட்டாக இருந்தாலும் கை பழகிய பாத்திரத்துக்கே போய்விடும்.

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்குக் கணினி வேண்டாம். மேசை, தாள், பென்சில், பகடை, சில நண்பர்கள் போதும். முதல் பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகை. திருடன் மறு ஆண்டுதான் வந்து சேர்ந்தான். காயத்தை ஆற்றும் வேலை அப்போதே சமயகுருவின் தலையில் விழுந்துவிட்டது.

தனியாக ஆடும் கதை விளையாட்டுகளில் நாம் எப்படிப்பட்டவர்கள்? ஆச்சரியம் தரும் அளவுக்கு நல்லவர்கள். 2023ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ வெளிவந்த முதல் வார இறுதியில் அதிகமானோர் தேர்ந்தெடுத்த வகை பாலடின் என்று அதைத் தயாரித்த லேரியன் நிறுவனம் அறிவித்தது. சபதம் எடுத்துக்கொண்டு போரிடும் வீரர் அவர்; சபதத்தை மீறினால் சக்தி பறிபோகும். ‘மாஸ் எஃபெக்ட்’ விண்வெளிக் கதையில் உத்தமனாகவும் இருக்கலாம், இரக்கமற்றவனாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் உத்தமன் வழியில் போனதாக அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 2020ல் டுவிட்டரில் குறிப்பிட்டார். கெட்டவனுக்காக எழுதிய வசனங்களைக் கேட்க ஆளில்லை, பாவம்.

‘ஸ்கைரிம்’ கதை வேறு. மந்திரவாதியாகவோ கோடரி வீரனாகவோ தொடங்கினாலும் கடைசியில் இருட்டில் குனிந்து அம்பு விடுபவராகவே முடிகிறோம் என்பது அதை ஆடுவோரிடையே பழைய நகைச்சுவை. காரணம் எளிது. மறைந்திருந்து விடும் அம்புக்குப் பல மடங்கு பலம் உண்டு, ஆபத்தும் குறைவு. நம் குணத்தைவிட விளையாட்டு எதற்குப் பரிசு தருகிறது என்பதே அங்கே பாத்திரத்தைத் தீர்மானிக்கிறது.

அதே நல்லவர்களை இணையத்தில் ஐந்து பேர் குழுவில் போட்டுப் பாருங்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ போன்ற விளையாட்டுகளில் நிலவறைக்குள் நுழையும் குழுவில் ஒருவர் டேங்க், அதாவது அரக்கனின் அடியைத் தாம் வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காப்பவர். ஒருவர் ஹீலர். மீதி மூவர் அடித்து நொறுக்குபவர்கள். அடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. 2009 இறுதியில் குழுவைத் தானாகச் சேர்த்துவிடும் வசதி வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. டேங்காகப் பதிந்தவருக்கு உடனே இடம் கிடைக்கும். அடிக்க வந்தவர் வரிசையில் காத்துக் கிடப்பார். 2011ல் நிறுவனம் கையூட்டில் இறங்கியது என்றே சொல்லலாம். ஆள் பற்றாக்குறை உள்ள பொறுப்பை ஏற்பவருக்குப் பொன், ரத்தினம், அதிர்ஷ்டம் இருந்தால் அரிய சவாரி விலங்கு. ‘ஃபைனல் ஃபேண்டசி 14’லும் இதேபோன்ற ஊக்கப்பரிசு உண்டு.

உத்தமனாக இருக்க விரும்பும் அதே நாம் ஏன் ஹீலராக விரும்புவதில்லை? என் கணிப்பில், பழிக்குப் பயந்துதான். அடிப்பவர் ஒருவர் சற்று அசந்தால் மற்ற இருவர் சமாளித்துக்கொள்வார்கள். ஹீலர் மூன்று விநாடி அசந்தால் குழுவே விழும். நன்றாக ஆடிய ஹீலரை யாரும் கவனிப்பதில்லை. கதை விளையாட்டில் நல்லவனாக இருந்தால் கிராமத்தினர் நன்றி சொல்கிறார்கள், இங்கே தீக்குள் தாமே போய் நின்றவர்கூட “ஹீலர் எங்கே?” என்று கத்துகிறார். குழுப்பணியில் ஐந்து பேர் எழுதியதையும் இரவு பதினொரு மணிக்கு ஒன்றுசேர்த்து, எழுத்துருவைச் சரிசெய்து அனுப்பும் மாணவருக்கு இது நன்றாகப் புரியும்.

நம் வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2005ல் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரர்களுக்காக வந்த ‘மேப்பிள்சீ’யைப் பற்றி உங்கள் அண்ணன், அக்காவிடம் கேளுங்கள். அதில் அவரவர் மருந்தை அவரவரே சுமந்தார்கள். அதனால் 30ஆம் நிலையில் கிளெரிக் ஆனவருக்குக் குழுவில் பெரிய தேவை இருக்கவில்லை. எல் நாத் சுரங்கத்தில் தனியாக நின்று, காயம் ஆற்றும் மந்திரத்தையே ஆயுதமாக்கிப் பிணப்பேய்களை வீழ்த்திக்கொண்டிருப்பார். அவரே பிரீஸ்ட் ஆகி, குழுவின் அனுபவப் புள்ளிகளைக் கூட்டித் தரும் மந்திரத்தைக் கற்றதும் எல்லாரும் தேடி வந்தார்கள். அன்பினால் அல்ல, புள்ளிக்காகத்தான்.

பாத்திரம் ஒரு புறம், ஆடும் பாணி மறு புறம். 1978ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுத்துகளாலேயே ஆன இணைய உலகமான ‘மட்’ பிறந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996ல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தார். புள்ளி சேர்க்கும் சாதனையாளர், மூலைமுடுக்கெல்லாம் தேடும் ஆய்வாளர், பேசிப் பழக வருபவர், பிறரை வீழ்த்துவதில் இன்பம் காண்பவர். இன்று இதை ஆளுமைச் சோதனைபோல் ‘நீங்கள் எந்த வகை?’ என்று ஆடுகிறார்கள். கட்டுரையின் சுவையான பகுதி அதுவல்ல. இந்த நால்வரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பாதிக்கிறார்கள் என்பதே அதன் சாரம். வீழ்த்துபவர் பெருகினால் பேசிப் பழக வந்தவர்கள் முதலில் வெளியேறுவார்கள். பள்ளி நண்பர்களின் டிஸ்கார்ட் குழு எதையாவது நினைத்துப் பாருங்கள்.

பாத்திரமும் நம்மை மாற்றுகிறது. ஸ்டான்ஃபோர்டில் நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் உலகில் உயரமான உருவம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கிடும் பேச்சில் கூடுதல் துணிச்சலுடன் பேரம் பேசினார்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் ஒருவர் டேங்காக ஆடும்போது, “நில்லுங்கள், இந்தப் பக்கம் வாருங்கள்” என்று நான்கு பேருக்கு வழிசொல்லியே ஆகவேண்டும்.

இதுவரை தொடாத பாத்திரத்தை இந்தப் பள்ளி விடுமுறையில் எடுத்துப் பார்க்க நினைத்தால், எடுத்த எடுப்பிலேயே அந்நியர்கள் மத்தியில் போய் விழத் தேவையில்லை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் 2024 முதல் சில நிலவறைகளுக்குக் கணினியையே துணையாக அழைத்துச் செல்லலாம். மற்ற நால்வர் இடத்தையும் அது நிரப்பும். அரக்கனைப் பார்க்காமல் ஐந்து உயிர்ப்பட்டைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஆடுவது எப்படி என்று அங்கே நிதானமாகப் பழகலாம். தடுமாறினாலும் “ஹீலர் எங்கே?” என்று யாரும் கத்தமாட்டார்கள்.