மறுகரை (17): தத்தெடுத்த மண்டையோடுகள்

உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. அங்கே தவிக்கும் ஆத்துமாக்களுக்கு நம் ஜெபமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருப்பலியும் உதவும். 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் அறுதியிட்டுச் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான். நுணுக்கமான கேள்விகளைப் பாமரர்களுக்கான பிரசங்கத்தில் கிளப்ப வேண்டாம், மூடநம்பிக்கைக்கும் பண ஆசைக்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களை எச்சரித்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்த எச்சரிக்கை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் என்ன பாடு பட்டது என்பது தனிக்கதை.

அங்கே சானிதா என்ற பேட்டையில், கல் வெட்டி எடுத்த பழைய குகைகள் இருக்கின்றன. ஃபொந்தனெல்லே என்று பெயர். 1656-ல் கொள்ளைநோய் ஊரில் ஏறக்குறைய பாதிப் பேரை வாரிக்கொண்டு போனபோது பிணங்களை இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். பின்னாளில் காலராவில் செத்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். பெயர் கிடையாது, பூசை வைக்க ஆள் கிடையாது. 1872-ல் கயெத்தானோ பார்பாத்தி என்ற பாதிரியார் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எலும்புகளை ஒழுங்குபடுத்தி அடுக்கினார். அடுக்கிய பெண்கள் அத்தோடு விடவில்லை.

ஒருத்தி ஒரு மண்டையோட்டைத் தேர்ந்தெடுப்பாள். துடைத்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவாள். முதலில் அடியில் ஒரு கைக்குட்டை, பிறகு தலையணை. அந்த ஆத்துமா கனவில் வந்து தன் கதையைச் சொல்லும் என்பது நம்பிக்கை. உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் அதன் தாகம் தணிய இவள் ஜெபிப்பாள். பதிலுக்கு அது மகளுக்கு மாப்பிள்ளை, கணவனுக்குச் சுகம், முடிந்தால் லாட்டரி எண் தரவேண்டும். கேட்டது கிடைத்தால் மண்டையோட்டுக்கு மரத்திலோ பளிங்கிலோ சின்னதாக ஒரு வீடு. கிடைக்காவிட்டால் தயவு தாட்சண்யம் இல்லை, வேறொன்றுக்குப் போய்விடுவாள்.

அவற்றில் ஒன்றுக்கு தோன்னா கொன்செத்தா என்று பெயர். மற்றவை தூசி படிந்து கிடக்க, இது மட்டும் வியர்த்ததுபோல் பளபளக்கும். தொட்ட கையில் ஈரம் ஒட்டினால் காரியம் கைகூடும். குகையின் ஈரமும் அத்தனை பேர் தடவியதும் போதாதா என்று கேட்கலாம். கேட்டால் சானிதாவில் நமக்கு மரியாதை இருக்காது.

வெறும் மூடத்தனம் என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. காசுள்ளவன் தன் ஆத்துமாவுக்கான பூசைகளை உயிலிலேயே எழுதிவைத்துவிடுவான். கொள்ளைநோயில் போன கூலிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்கு உறவாக வந்து நின்றவர்கள் அதே பேட்டையின் ஏழைப் பெண்கள். பேரம் பேசினார்கள்தான், நேர்த்திக்கடன் வைக்கிற நமக்கு அது புதிதா என்ன?

1969-ல் நேப்பிள்ஸ் பேராயர் கர்தினால் கொர்ராதோ உர்சி இந்த வழிபாட்டுக்குத் தடை போட்டார். மரித்தோருக்காக ஜெபிக்கலாம், மண்டையோட்டைக் கும்பிடக் கூடாது என்பது சபையின் கணக்கு.

மரித்தோருக்காக நாங்களும்தான் ஜெபிக்கிறோம், ஆனால் உத்தரிக்கிற நெருப்பு என்று ஒன்றே கிடையாது என்று 1438-ல் ஃபெர்ராராவில் போப்பாண்டவரின் ஆட்களிடமே மல்லுக்கு நின்றார் ஒரு கிரேக்கர். எபேசு நகரப் பேராயர் மாற்கு. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)