உடலின் நிழலைப் படித்தல்

நுழையும்முன்

எழுத்தறியாதவர் கையில் ஏடு இருந்தும் பயனில்லை. மருத்துவப் படமும் அத்தகைய ஓர் ஏடே. விலையுயர்ந்த கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அது தரும் படத்தைப் பிழையறப் படிக்கும் கண்களைப் பயிற்றித்தான் உருவாக்க வேண்டும். அப்பணியை ஆற்றுபவை மருத்துவக் கல்லூரிகளின் கதிரியல் துறைகள். அங்கு நிகழும் பயிற்சியும் ஆய்வும் ஒரு சிற்றூர் மனிதரின் உயிரோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நான்கரை மணி நேரம்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் சுருளிப்பட்டி. திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த உழவர்களின் ஊர் அது. அங்குத் தோட்டத்தில் கவாத்துச் செய்துகொண்டிருக்கும் உழவர் ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் வலுவிழந்து, பேச்சுக் குழறுவதாகக் கொள்வோம். அது பக்கவாதம் என்பதை உடனிருப்போரே உணர்ந்துகொள்ளலாம். ஆயினும், அதன் காரணத்தை வெளித்தோற்றம் கொண்டு எவராலும் உறுதிசெய்ய இயலாது.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயைக் குருதிக்கட்டி அடைத்திருக்கலாம்; அல்லது குழாய் வெடித்து மூளைக்குள் குருதி கசிந்திருக்கலாம். இரண்டிலும் அறிகுறிகள் ஒன்றுபோலவே தோன்றும், மருத்துவமோ நேரெதிரானது. அடைப்பாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். கசிவாயின், அதே மருந்து குருதிப்பெருக்கை மிகுவித்து உயிருக்கே கேடு விளைவிக்கும்.

சுருளிப்பட்டியிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி ஆகிய ஊர்களைக் கடந்து, க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய 50 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். வழியிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. எஞ்சிய நேரத்தில் எடுக்கப்படும் தலையின் சி.டி. ஸ்கேன் படத்தில், புதிதாகக் கசிந்த குருதி வெண்மையாகத் தெரியும். குழாய் அடைப்போ முதல் சில மணி நேரத்தில் ஏறக்குறைய இயல்பான படமாகவே தோன்றக்கூடும். மூளையின் சாம்பல்நிறப் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை சற்றே மங்கியிருப்பது மட்டுமே அதற்கு அடையாளமாக இருக்கலாம். பயிலாத கண்ணுக்கு அது புலப்படாது. அந்த ஒரு பார்வையில்தான் மருத்துவத்தின் திசை முடிவாகிறது.

கதிரும் அதன் விலையும்

உடலைக் கீறாமல் உள்ளே காணும் வழி 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் திறந்தது. செருமனி நாட்டு அறிவியல் அறிஞர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாயை இயக்கியபோது, சற்றுத் தொலைவிலிருந்த வேதிப்பூச்சுத் திரை ஒளிர்வதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத அக்கதிருக்கு எக்ஸ் கதிர் எனப் பெயரிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரலில் அணிந்திருந்த மோதிரமும் அதில் பதிந்தன. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கு வழங்கப்பட்டது.

கதிரின் தீங்கை உலகம் அறியச் சில ஆண்டுகள் ஆயின. தொடக்கக் காலத்தில் பணியாற்றிய மருத்துவர்களும் நுட்பர்களும் கருவியைச் சரிபார்க்கத் தம் கைகளையே கதிரின் முன் நீட்டினர். பலருக்குத் தோல் புண்ணாகி, விரல்கள் அகற்றப்பட்டு, இறுதியில் புற்றுநோய் உயிரைக் கவர்ந்தது. அவ்வாறு மறைந்தோருக்கென 1936இல் செருமனியின் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது, அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. முறையான பயிற்சியின்றிக் கதிரைக் கையாளலாகாது என்ற பாடம் இவ்வளவு பெரிய இழப்பின்வழியே கற்கப்பட்டது.

சென்னையில் ஒரு கதிரியல் நிறுவனம்

இத்தகைய பயிற்சிக்குத் தமிழகத்தில் நெடிய வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் கதிரியல் பணிக்கு அடித்தளம் இட்டவர் கேப்டன் டி. டபிள்யூ. பர்னார்டு. அவர் பெயரால் 1934இல் தொடங்கப்பெற்ற பர்னார்டு கதிரியல் நிறுவனம், ஆசியாவின் தொன்மையான கதிரியல் நிறுவனங்களுள் ஒன்று. சென்னை மருத்துவக் கல்லூரியின் அங்கமாகிய இந்நிறுவனத்தில், நோயாளிகளுக்குப் படமெடுத்தல், மருத்துவர்களைப் பயிற்றுவித்தல், புதியன ஆராய்தல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. கல்விசார் படமெடுப்பு மையம் ஒன்றின் இலக்கணம் இதுவே.

நிழல்களைச் சேர்த்த கணிதம்

எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழற்படம். முன்னும் பின்னும் உள்ள உறுப்புகளின் நிழல்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பல கோணங்களிலிருந்து நிழல்களைப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து உள்ளமைப்பைக் கணக்கிட்டுப் பெறுவதே சி.டி. ஸ்கேன். இங்கிலாந்துப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி, 1971ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது.

அதே 1971இல், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைப் பல ஆண்டுகள் தலைமையேற்று வளர்த்த ஜி. என். இராமச்சந்திரன், தம்மோடு ஆய்வு செய்த ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். நிழல்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுக்கப் பெருங்கணக்கீடு தேவைப்பட்ட காலம் அது. நிழல்களை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பினால் உருவம் மங்கலாகும். அவ்வாறின்றி, ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணித வடிகட்டியில் செலுத்திக் கூர்மையாக்கிப் பின்னர்ப் பரப்பினால், தெளிவான உருவத்தை விரைந்து பெறலாம் என அவர்கள் காட்டினர். ஸ்கேன் நுட்ப நூல்களில் அவ்வடிகட்டி இன்றும் இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் சேர்த்து 'ராம்-லாக்' என்றே வழங்கப்படுகிறது.

பார்வை உருவாகும் முறை

கருவியும் கணிதமும் படத்தைத் தருகின்றன. அதற்குப் பொருள் காண்பவர் கதிரியல் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டுகள் முதுநிலைக் கல்வி பயின்று, ஆய்வேடும் அளித்தே ஒருவர் கதிரியலில் எம்.டி. பட்டம் பெறுகிறார்.

பயிற்சி மருத்துவர் படத்தை முதலில் தாமே படித்துத் தம் கருத்தை எழுதுகிறார். பின்னர் ஆசிரியர் அதே படத்தைப் படிக்கிறார். இருவர் கருத்தும் வேறுபடும் இடத்தில்தான் கல்வி நிகழ்கிறது. அதனோடு அது முடிவதில்லை. அறுவை மருத்துவர் உள்ளே கண்டது யாது, திசு ஆய்வு கூறியது யாது என்பன பின்னர் நடைபெறும் கூட்டத்தில் படத்தோடு ஒப்பிடப்படுகின்றன. தம் கணிப்பு பொய்த்ததை அனைவர் முன்னிலையிலும் அறிந்துகொள்ளும் மருத்துவர், அடுத்த நோயாளிக்கு அதே பிழையைச் செய்வதைத் தவிர்க்கக் கற்கிறார்.

ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவது மனித இயல்பு. விபத்தில் சிக்கியவரின் மார்புப் படத்தில் விலா எலும்பு முறிவைக் கண்டவர், நுரையீரலில் உள்ள சிறு கட்டியைக் காணாமல் விடலாம். ஆதலால், கண்டது கிடைத்தபின்னும் ஒவ்வோர் உறுப்பையும் வரிசை மாறாமல் பார்த்து முடிக்கும் ஒழுங்கு கற்பிக்கப்படுகிறது. ஐயமும் உறுதியும் கலவாமல் தெளிவாக அறிக்கை எழுதுவதும் இக்கல்வியின் ஒரு கூறே.

படமெடுக்கும் நுட்பர்களின் பயிற்சியும் இதற்கு இணையானது. நோயாளியை உரிய நிலையில் இருத்துதல், மூச்சை அடக்கச் சொல்லும் கணத்தைத் தேர்தல், பெண்களிடம் கருவுற்றிருக்கும் வாய்ப்பைக் கேட்டறிதல், எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்புப் பொருள் எதுவும் நுழையாமல் காத்தல் ஆகியன அவர்தம் கடமைகள். அவர் எடுத்த படம் மங்கலாயின், வல்லுநரின் கண்ணும் பயன்படாது.

அளவுகோலைத் தேடும் ஆய்வு

நோயை அறிய, நலமான உறுப்பின் தோற்றத்தை முதலில் அறிதல் வேண்டும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வாரந்தோறும் மாறி வளர்வது. அதன் ஸ்கேன் படத்தில் காண்பது இயல்பா, குறையா என முடிவுசெய்ய நுண்ணிய அளவுகோல் தேவை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், சென்னையைச் சேர்ந்த மெடிஸ்கேன் நிறுவனம், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றோடு இணைந்து அத்தகைய அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. 'தரணி' எனப் பெயரிடப்பட்ட அத்தொகுப்பு 2024இல் வெளியிடப்பட்டது. கருவளர்ச்சியின் இடைப்பருவத்து மூளைகளின் 5,132 நுண்ணிய வெட்டுப்படங்கள் அதில் உள்ளன. உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம்.

> தெரிந்து தெளிவோம்
>
> கதிர்வீச்சின் அளவு மில்லிசீவர்ட் என்னும் அலகால் குறிக்கப்படும். இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். மார்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் ஏறத்தாழ 0.1, வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேனில் ஏறத்தாழ 8 மில்லிசீவர்ட் உடலில் சேர்கிறது. கதிர்ப்பணியாளர்க்கு இந்திய விதிகள் வகுத்துள்ள வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். மீயொலி ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ் கதிர்கள் பயன்படுத்தப்படுவதில்லை.

அறிவும் அறமும்

தேவையான படத்தை எடுப்பதோடு, தேவையற்ற படத்தைத் தவிர்ப்பதும் கதிரியல் அறிவே. மீயொலியால் கருவைக் காணும் திறன், பெண் சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் கருவியாகவும் நாட்டின் பல பகுதிகளில் மாறியது. அதனைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. கருவின் பாலினத்தை அறிவிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஒரே கருவி உயிரைக் காக்கவும் அழிக்கவும் வல்லது என்பதால், கதிரியல் கல்வியில் அறம் தனியே பிரிக்க இயலாத பாடமாகிறது.

இன்று படங்கள் இணையவழி நொடிப்பொழுதில் பயணம் செய்கின்றன. சிற்றூர் மருத்துவமனையில் எடுக்கப்படும் படத்தைத் தொலைநகரில் இருக்கும் வல்லுநர் படிக்கலாம். செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வந்துள்ளது. அதுவும் வல்லுநர்கள் முன்னரே படித்துக் குறித்த படங்களைக் கொண்டே பழக்கப்படுகிறது. ஆசிரியர் தவறாகக் குறித்தால் பொறியும் தவறாகவே கற்கும். ஆகவே, நாட்டுக்குக் கருவிகள் எத்துணை தேவையோ, அவற்றின் முன் அமர்ந்து பொறுமையோடு படிக்கும் மருத்துவர்களும் நுட்பர்களும் அத்துணை தேவை. அவர்களை உருவாக்கும் பயிற்சிக்கூடங்கள் வலுப்பெறும்போதுதான், பெருநகரிலிருந்து தொலைவில் வாழ்வோர்க்கும் அந்நான்கரை மணி நேரம் பயன்படும்.

கற்பவை கற்றபின்

1. பக்கவாதத்தின் இருவகைக் காரணங்களையும் ஸ்கேன் படம் எவ்வாறு வேறுபடுத்துகிறது என்பதை வகுப்பில் விளக்குக.
2. உங்கள் ஊரிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும் பயண நேரத்தையும் கேட்டறிந்து எழுதுக.
3. 'ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்துவது பிழை' என்னும் கருத்து, பிற துறைகளுக்கும் பொருந்துமாற்றைக் கலந்துரையாடுக.